பூட்டன் படம் 1899-ல் எடுத்ததா, பிறகு போட்ட காப்பியா? சட்டத்தைக் கழற்றியதும் வந்த சந்தேகம்

கேள்வி
பத்தமடைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு முன்கட்டில் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு படம் தொங்குகிறது. என் அப்பாவின் தாத்தா, எனக்குப் பூட்டன். தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட், பஞ்சகச்சம். ஒரு கை நாற்காலியின் முதுகில், இன்னொரு கையில் சுருட்டிய காகிதம். பின்னால் திரையில் வரைந்த தூணும் படிக்கட்டும். தாலுகா ஆபீஸ் வேலைக்காகப் பரீட்சை எழுத ரயிலேறி மதராஸ் போனவர், பரீட்சை முடிந்த கையோடு ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது, 1899-ல், அப்போது அவருக்கு 21 வயது என்று ஆச்சி சொல்வாள். ஆச்சி இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பூ வைத்தாள்.

போன மாதம் பழைய பொருட்கள் வாங்குகிற ஒருவர் வந்தார். எட்ட நின்று பார்த்துவிட்டு, 'இது ஆல்புமென் பிரிண்ட், முட்டை வெள்ளைக்கரு பூசிச் செய்தது, சட்டத்தோடு பதினெட்டாயிரம் தருகிறேன்' என்றார். விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அதைக் கேட்ட பெரியப்பா மகன், 'அது எப்பவோ போட்ட காப்பி, அதுக்குப் போய் இவ்வளவு ரூபாயா' என்று சிரித்துவிட்டான். இரண்டு பேர் சொன்னதும் மனதில் கிடந்து உறுத்துகிறது.

சட்டத்தின் ஒரு மூலையில் கரையான் மண் தெரிந்ததால் எப்படியும் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றிப் பார்த்தேன். படம் 12-க்கு 15 அங்குலம். தாள் தடிமனாக இருக்கிறது, அட்டையில் ஒட்டவில்லை. சுற்றிலும் கால் அங்குலத்துக்கு வெள்ளை விளிம்பு, இத்தனை நாள் மரச்சட்டத்துக்குள் மறைந்திருந்தது. படம் முழுக்கப் பழுப்பு. பின்பக்கம் 412 என்று பென்சிலில் எழுதிய எண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. முழங்காலுக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது, மடித்த தடம்போல. மீசை மட்டும் தூரிகையால் வரைந்தது மாதிரி அடர்த்தியாக இருக்கிறது.

வீட்டிலேயே, படத்துக்குக் கெடுதல் வராமல், இதன் வயதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் இணைத்திருக்கிறேன்.


பதில் 1
சிவப்புவிளக்கு

அம்மா, நான் மதுரையில் 1971 முதல் 34 வருஷம் டார்க் ரூமில் நின்றவன். இப்போது 73 வயது. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் கை பரபரத்தது, அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பழுப்பு. பழுப்பாக இருந்தாலே பழசு என்று நினைக்காதீர்கள். எங்களிடம் வந்து 'பழைய காலத்துப் படம் மாதிரி வேணும்' என்று கேட்பார்கள். கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டு, நன்றாகக் கழுவி, பிளீச்சில் விட்டால் உருவம் வெளிறிப்போய்ப் பேய்போல நிற்கும். அப்புறம் சோடியம் சல்பைடில் போட்டால் அரை நிமிஷத்தில் பழுப்பாகத் திரும்பி வரும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று முதலாளி அந்த வேலைக்கு மட்டும் எங்களை மொட்டை மாடிக்கு அனுப்புவார். உங்கள் படத்தில் பழுப்பு ஓரத்திலிருந்து நடுவரை ஒரே சீராக இருக்கிறது. வயதால் வந்த பழுப்பு அப்படி இருக்காது. ஓரத்தில் ஒரு மாதிரி, ஈரம் பட்ட இடத்தில் ஒரு மாதிரி, வெளிச்சம் பட்ட இடத்தில் வேறு மாதிரி என்று திட்டுத்திட்டாக ஏறும்.

அடுத்தது அளவு. ஆல்புமென் தாள் ரொம்ப மந்தம். அதை நெகட்டிவோடு முகத்தோடு முகம் வைத்து, சட்டத்தில் இறுக்கி, வெயிலில் காயவைத்துத்தான் படம் எடுப்பார்கள். நெகட்டிவ் என்ன அளவோ படமும் அதே அளவு. 12-க்கு 15 வேண்டுமென்றால் அந்த அளவுக் கண்ணாடித் தகடு வேண்டும், அதைத் தாங்குகிற கேமரா வேண்டும். பரீட்சை எழுத வந்த பையனுக்கு யார் அதைச் செய்வார்கள்?

மூன்றாவதுதான் முக்கியம், அந்த முழங்கால் கோடு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சை மேஜையோடு மேஜையாகப் படுக்கவைத்து, படத்தின் மேல் வெளிச்சம் பக்கவாட்டில் தடவிப்போகிற மாதிரி அடியுங்கள். கோடு நிஜமான மடிப்பு என்றால் ஒருபக்கம் மேடு, ஒருபக்கம் நிழல் தெரியும். மேற்பரப்பு கண்ணாடிபோல வழவழப்பாக இருந்து கோடு மட்டும் உள்ளே கிடந்தால், மடிந்தது வேறு ஒரு படம். அதை வைத்துக் காப்பி எடுத்திருக்கிறார்கள். மடிப்பும் சேர்ந்து படமாகிவிட்டது.

இப்படி நான் எடுத்த காப்பிகளுக்குக் கணக்கே இல்லை. மஞ்சள் பையில் குரூப் போட்டோவைச் சுருட்டி வைத்துக்கொண்டு வருவார்கள். 'அப்பா தவறிட்டாரு, வேற படம் இல்லை, இதுல மூணாவதா நிக்கிறவரு' என்று விரலால் தொட்டுக் காட்டுவார்கள். பலகையில் குத்தூசியால் நிறுத்தி, இரண்டு பக்கமும் பல்பு வைத்து, பளபளப்பு அடிக்காமல் பார்த்துக் காப்பி நெகட்டிவ் எடுப்போம். அப்புறம் டச்சிங் அண்ணன் உட்காருவார். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நெகட்டிவில் கண்ணோரத்துச் சுருக்கம், கன்னத்துக் குழி என்று புள்ளி புள்ளியாக வைப்பார். காப்பியில் மீசையும் புருவமும் எப்போதும் மங்கிப்போகும். பிரிண்டில் அதைத் தூரிகையால் ஏற்றுவார்கள். உங்கள் பூட்டனார் மீசையில் எனக்கு அந்தக் கை தெரிகிறது.

டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.


பதில் 2
ஓலையும்தாளும்

பழைய தாள்களைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன். ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன், ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன்.

பெரிய அளவு என்ற ஒரே காரணத்துக்காக 1899-ஐத் தள்ளிவிட முடியாது. பெரிதாக்கிப் போடுவதற்கான புரோமைடு தாள் 1880-களிலேயே வந்துவிட்டது. அந்தக் காலத்து என்லார்ஜ்மெண்ட்டின் மேல் கரிக்கோலாலும் வண்ணத்தாலும் வேலை செய்து மாட்டிய படங்களை நானே கையாண்டிருக்கிறேன். அளவு ஆல்புமெனைத்தான் சந்தேகப்பட வைக்கிறது, வருஷத்தை அல்ல.

ஆல்புமெனா என்று பார்க்க ஒரு லென்ஸ் போதும். நகைக்கடையில் கல் பார்க்கக் கண்ணில் வைப்பார்களே, பத்து மடங்கு காட்டுவது, அதை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆல்புமென் பிரிண்டில் இரண்டே அடுக்கு: தாள், அதன்மேல் வெள்ளிப் படிவத்தோடு முட்டை வெள்ளைக்கரு. அதனால் வெளிறிய இடங்களில் தாளின் நார்கள் துணியின் இழைபோலத் தெரியும். மேலே நுணுக்கமான வெடிப்பு வலை இருக்கும். வெள்ளையாக இருக்கவேண்டிய இடம் மஞ்சளாகியிருக்கும். தாள் மிக மெல்லியது, விட்டால் சுருண்டுவிடும், ஆகவே அநேகமாக எப்போதும் அட்டையில் ஒட்டியே வைப்பார்கள். உங்களுடையது தடித்த தனித்தாள் என்கிறீர்கள். அங்கேயே எனக்கு ஆல்புமென் விலகிப்போகிறது.

1880-களுக்குப் பிறகு வந்த தாள்களில் பெரும்பாலானவற்றில் நடுவே இன்னொரு அடுக்கு உண்டு. பேரியம் சல்பேட்டை ஜெலட்டினில் குழைத்துப் பூசுவார்கள், பரைட்டா என்று பெயர். வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பதுபோலத்தான், கீழே உள்ள நார் எல்லாம் மறைந்துவிடும். லென்ஸில் நார் தெரிகிறதா இல்லையா என்பது அதனால்தான் முதல் கேள்வி. இதற்கெல்லாம் முந்தைய உப்புத்தாள் படங்களில் (பென்சில் தீட்டுகிற உப்புத்தாள் அல்ல, உப்புக் கரைசலில் ஊறவைத்த போட்டோ தாள்) மேல்பூச்சே கிடையாது, உருவம் தாளுக்குள்ளேயே ஊறி நிற்கும். லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் அடிப்பீடக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டிச் சேர்த்து, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவருடைய படங்கள் உப்புத்தாளில் மிக லேசாக ஆல்புமென் ஏற்றியவை. கல்லின் சொரசொரப்பு அந்தத் தாளுக்கு அப்படிப் பொருந்துகிறது.

இனி உங்கள் படத்தின் வெள்ளை விளிம்பு. கள்ள நோட்டு பார்க்கிற ஊதா விளக்கு மளிகைக் கடையில் இருக்கும். இருட்டில் அந்த விளிம்பின் மேல் சில நொடி மட்டும் காட்டுங்கள். பக்கத்தில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றை வையுங்கள், ஒப்பிட. வேட்டி பளீரென்று நீலவெள்ளையாக எரியும், அதற்குக் காரணம் சோப்புத்தூளில் உள்ள வெண்மையூட்டி. அதே வகைப் பொருளைப் போட்டோ தாளிலும் 1950-களிலிருந்து சேர்க்க ஆரம்பித்தார்கள். விளிம்பும் வேட்டி மாதிரியே எரிந்தால் அந்தத் தாள் 1950-க்கு முந்தையது அல்ல. எரியாவிட்டால் ஒன்றும் முடிவாகாது, ஏனென்றால் அதற்குப் பிறகும் வெண்மையூட்டி சேர்க்காத தாள்கள் வந்தன.

இந்தச் சின்னச் சோதனை ஒரு பெரிய விவகாரத்தையே புரட்டிப்போட்டிருக்கிறது. லூயிஸ் ஹைன் என்ற அமெரிக்கர், பஞ்சாலைகளில் வேலை செய்த குழந்தைகளையும், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை எழுப்பிய தொழிலாளர்களையும் எடுத்தவர், 1940-ல் இறந்தார். அவர் கையாலேயே போட்டவை என்று சொல்லி, அவர் கையெழுத்தோடு விற்கப்பட்ட பிரிண்ட்கள் மேல் 1990-களின் கடைசியில் சந்தேகம் வந்தது. ஊதா விளக்கில் வைத்தால் பல படங்கள் எரிந்தன. செத்துப் பத்து வருஷத்துக்கு மேல் கழித்து வந்த தாளில் ஒரு மனிதர் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? அதை ஆராய்ந்தவர்களில் ஒருவரான பால் மெசியர், எந்தத் தாள் எந்த வருஷத்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே பழைய போட்டோ தாள்களை ஆயிரக்கணக்கில் சேகரித்தார். அந்தச் சேகரிப்பு இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். தண்ணீர்ச் சொட்டு, ஸ்பிரிட், ரப்பர் என்று எதையும் படத்தின் மேல் பரீட்சித்துப் பார்க்காதீர்கள். இணையத்தில் அப்படி எழுதியிருப்பார்கள். உருவத்தைத் தாங்குகிற மேல்பூச்சு சில தாள்களில் ஜெலட்டின், சிலவற்றில் கொலோடியன். ஜெலட்டின் ஈரத்தில் உப்பும், கொலோடியன் ஸ்பிரிட்டில் கரையும். என்ன தாள் என்று தெரிந்துவிடும், அந்த இடத்தில் படம் இருக்காது.


பத்தமடைக்காரி

இரண்டு பேருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன்.

டார்ச் அடித்தேன். மேற்பரப்பு தெளிந்த குளம் மாதிரி சமமாக இருக்கிறது. கோட்டின் மேல் ஒரு மேடும் இல்லை, நிழலும் இல்லை. கோடு உள்ளேதான் கிடக்கிறது. மீசையில் மட்டும் வெளிச்சம் மங்கலாக, வேறு மாதிரி பட்டது. அங்கே மை தனியாக மேலே உட்கார்ந்திருக்கிறது. லென்ஸில் நார் எதுவும் தெரியவில்லை.

தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் விளக்கைக் கேட்டு வாங்கி, இரவு ஒன்பது மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பார்த்தோம். அப்பா பக்கத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளிம்பு வேட்டியைப்போலவே எரிந்தது. பின்பக்கமும் அப்படியே. சட்டத்துக்குப் பின்னால் இருந்த பழைய அட்டை மட்டும் மண்ணாகக் கிடந்தது.

மறைக்காமல் சொல்கிறேன், கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. ஆச்சி பொய் சொன்னவள் இல்லை.

விளக்கைப் போட்டதும் அப்பா தானாகச் சொல்ல ஆரம்பித்தார். 1962-ல் தாத்தாவும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்தார்கள். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பாத்திரத்தை நிறுத்துப் பிரித்தார்கள், வயலை அளந்து பிரித்தார்கள். படம் ஒன்றுதான் இருந்தது. அது மூத்தவர் வீட்டுக்குப் போய்விட்டது. தாத்தா ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லையாம். அப்புறம் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் படத்தை இரவல் கேட்டு வாங்கி, திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, பெரிதாகப் போட்டுக்கொண்டு வந்து மாட்டினாராம். சட்டம் அடித்த ஆசாரிக்குக் கூலியாக நெல் அளந்தது அப்பாவுக்கு நினைவிருக்கிறது. படத்தைப் போட்டது மறந்துபோய், நெல் அளந்தது மட்டும் இவ்வளவு நாள் நினைவில் இருந்திருக்கிறது.

அப்படியென்றால் மடிந்த அந்த முதல் படம் அம்பாசமுத்திரத்தில் பெரிய தாத்தா வழியில் எங்கேயோ இருக்கவேண்டும்.


சிவப்புவிளக்கு

அம்மா, ஆச்சி சொன்னது பொய்யாகவில்லை. அவள் பூ வைத்தது 1899-ல் நின்ற மனிதருக்கு. விளக்கு சொன்னது தாளின் வயதை மட்டும்தான். படம் எடுத்த வருஷம் ஒன்று, பிரிண்ட் போட்ட வருஷம் ஒன்று. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பெரியப்பா மகனிடமும் சொல்லுங்கள், இதைக் காப்பிதானே என்று தள்ளக்கூடாது. 12-க்கு 15 தாள் அன்றைக்கு லேசான விலை இல்லை. வெளிநாட்டுத் தாள்தான். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உற்பத்தி தொடங்கியதே 1967-ல். டச்சிங், பழுப்பு ஏற்றுவது எல்லாம் தனிக்கூலி. உங்கள் தாத்தா அண்ணன் வீட்டில் இருக்கும் படம் என்ன நிறத்தில் இருந்ததோ, அதே நிறத்தில் தனக்கும் வேண்டும் என்று கேட்டிருப்பார். அதனால்தான் சல்பைடு. இந்த இடத்தில் நான் ஊகிக்கிறேன், ஆனாலும் அப்படிக் கேட்டவர்கள் எத்தனையோ பேர் என் முன்னால் நின்றிருக்கிறார்கள்.

பின்னால் உள்ள 412 அந்த ஸ்டூடியோவின் நெகட்டிவ் எண்ணாகவோ ஆர்டர் எண்ணாகவோ இருக்கும். அழித்துவிடாதீர்கள்.

அம்பாசமுத்திரம் போனால் படத்தின் முதுகை முதலில் பாருங்கள்.


பதில் 3
மூன்றுமுற்றம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அம்பாசமுத்திரத்து உறவினருக்கு இப்போதே போன் செய்து ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: படத்தை யாரும் லேமினேட் பண்ணவேண்டாம். எங்கள் பாட்டியின் கல்யாணப் படத்தை, பத்திரமாக இருக்கட்டும் என்று நாங்களே கொண்டுபோய் ஒரு கடையில் கொடுத்தோம். சூட்டில் பிளாஸ்டிக் உருகி ஒட்டியதோடு பாட்டியின் முகத்தில் குமிழ் எழும்பிவிட்டது. இனி அதைப் பிரிக்கவே முடியாது என்று பிறகு காட்டிய இடங்களில் எல்லாம் சொல்லிவிட்டார்கள். பத்து வருஷமாகிறது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.


பத்தமடைக்காரி

போய் வந்தேன். போன் செய்துவிட்டுத்தான் போனேன். நல்லவேளை, லேமினேட் செய்யவில்லை. பெரிய தாத்தாவின் மருமகள், எனக்குப் பெரியம்மை முறை, பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் ஒரு காலண்டர் தாளில் சுற்றி வைத்திருந்தார்.

எவ்வளவு சின்னது! முன்கட்டில் அவ்வளவு பெரியவராக நின்றவர் என் உள்ளங்கையில் அடங்கிவிட்டார். அட்டையோடு அளந்தேன், நாலேகால் அங்குலம் அகலம், ஆறரை உயரம். அட்டை அடர்ந்த பச்சை, ஓரம் சாய்த்துச் சீவி, பொன்பூச்சு. முழங்கால் இருக்கும் இடத்தில் அட்டையே உடைந்திருக்கிறது. விரலை ஓட்டினால் தட்டுகிறது. எங்கள் வீட்டுக் கோடு இதுதான். அந்த இடத்தில் விரலை வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மீசை இதில் மெல்லியதாக, அப்போதுதான் அரும்பியது மாதிரி இருக்கிறது. நாங்கள் பார்த்துப் பழகிய மீசை டச்சிங்காரர் வைத்தது. கையில் சுருட்டிய காகிதம் என்று நினைத்தோமே, அதன் நுனியில் ஒரு நாடா தொங்குகிறது. அதெல்லாம் காப்பியில் விழவில்லை.

லென்ஸில் பார்த்தேன். நார் தெரியவில்லை. வெடிப்பு வலையும் இல்லை. தலைப்பாகை அவ்வளவாக மஞ்சளாகவில்லை. உருவத்தின் நிறம் நாவல்பழத் தோல் மாதிரி ஊதா கலந்த பழுப்பு. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் மழைத்தண்ணீரில் எண்ணெய் சிந்தினதுபோல வானவில் நிறம் ஓடுகிறது. ஊதா விளக்கில் ஒன்றும் எரியவில்லை.

பின்பக்கம் பொன்னெழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. ஸ்டூடியோ பெயர் இருந்த இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. மவுண்ட் ரோடு, மதராஸ் என்பது மட்டும் மிச்சம். அடியில், நெகட்டிவ்கள் பாதுகாக்கப்படுகின்றன, எப்போது வேண்டுமானாலும் பிரதி பெறலாம் என்று ஒரு வரி. மூலையில் பென்சிலில் 6 என்று ஒரு எண்.

ஆல்புமென் இல்லைதானே? அப்படியானால் 1899 போய்விட்டதா?


ஓலையும்தாளும்

போகவில்லை, இன்னும் பலமாகியிருக்கிறது.

நாலேகால்-ஆறரை அளவு அட்டைக்கு கேபினெட் கார்டு என்று பெயர். 1860-களின் நடுவிலிருந்து புழக்கத்தில் இருந்த அளவு. நார் தெரியவில்லை என்றால் பரைட்டா உண்டு. ஊதா கலந்த பழுப்பு என்றால் வெயிலில் காயவைத்து எடுத்து, தங்க உப்பில் நிறம் ஏற்றியது. அந்த வானவில்தான் எனக்கு மிகவும் பிடித்த அடையாளம்: கொலோடியன் அடுக்கு மிக மெல்லியதாக இருப்பதால், மேலும் கீழும் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் ஒன்றோடொன்று கலந்து நிறம் பிரிகிறது. பளபளப்பான கொலோடியன் தாள் 1880-களின் கடைசியில் பரவி, 1890-களில் ஆல்புமெனைப் பின்னுக்குத் தள்ளி, 1910-ஐ ஒட்டி மறைந்துவிட்டது. 1899 அதற்குள் ஒழுங்காக உட்கார்கிறது. வியாபாரி தாளின் பெயரைத் தப்பாகச் சொன்னார், உங்கள் ஆச்சி வருஷத்தைச் சொன்னதில் பழுது காண எனக்கு ஒன்றும் இல்லை. தாள் இதற்குமேல் சொல்லாது. பரீட்சை எழுதிய தேதியோ வேலை ஆணையோ வீட்டுக் காகிதங்களில் கிடைத்தால்தான் வருஷத்தை இன்னும் நெருங்கலாம்.

கொலோடியன் சீக்கிரம் கீறல் விழும். துணியால் துடைக்கவேண்டாம் என்று பெரியம்மையிடம் சொல்லுங்கள். பட்டுப்புடவைக்குள் நாப்தலின் உருண்டை கிடந்தால் படத்தை வெளியே எடுத்து, அமிலம் இல்லாத தாள் உறையில் போட்டு, உடைந்த அட்டைக்குக் கீழே விறைப்பான இன்னொரு அட்டை கொடுத்துக் கிடைமட்டமாக வைக்கலாம். உடைந்த இடத்தில் செல்லோடேப் கூடவே கூடாது. நல்ல பதிவு எடுத்து இரண்டு வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பதிவு செய்திருக்கிறது. அதில் உள்ள மதராஸ் ஸ்டூடியோக்களின் திரைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதே தூணும் படிக்கட்டும் பெயரோடு வேறொரு படத்தில் கண்ணில் பட்டால், பூச்சி தின்ற பெயர் கிடைத்துவிடும்.


சிவப்புவிளக்கு

அந்த 6. எங்கள் காலத்திலும் ஸ்டூடியோவில் முதுகில் பென்சிலால் எண் போடுவது ஆர்டரைக் குறிக்கத்தான். எத்தனை பிரதி என்று. அரை டஜன் எடுத்திருப்பார் அம்மா. பரீட்சைக்குப் போன பையன், அப்பா அம்மாவுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று, அக்கா தங்கச்சிக்கு என்று. உங்கள் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.


பத்தமடைக்காரி

ஐயா, நேற்று இரவே குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். இன்று காலை தூத்துக்குடியிலிருந்து அத்தை கூப்பிட்டார். பூட்டனின் தங்கை வழி அவர்கள். பூஜை அறையில் சின்னச் சட்டத்தில் ஒரு படம் இருக்கிறதாம், யார் என்று தெரியாமலே மூன்று தலைமுறையாக விளக்கேற்றுகிறார்களாம். கையில் நாடா தொங்குகிறதா அத்தை என்று கேட்டேன். கொஞ்சம் இருங்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஆமா தொங்குது என்றார்.

ஆனால் அது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். மடிப்பு கிடையாதாம், பின் அட்டையும் முழுசாக இருக்கிறதாம், அதில் எழுத்தும் இருக்கிறதாம். பிரிக்கவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். என்ன எடுத்துக்கொண்டு போகவேண்டும்?


ஓலையும்தாளும்

கேமரா, லென்ஸ், குமிழ் உறை, இரண்டு கெட்டி அட்டை. கண்ணாடியை உரிக்கவே வேண்டாம். கத்தி, நீராவி, தண்ணீர் எதுவும் கூடாது. பின் பலகையின் ஆணியை மட்டும் மெதுவாக நெம்பி எடுங்கள், முதுகில் உள்ள எழுத்தைப் படம் எடுங்கள், மூடிவிடுங்கள். முன்பக்கத்தைக் கண்ணாடி வழியாகவே, கறுப்புத் துணி ஒன்றைக் கேமராவுக்குப் பின்னால் பிடித்துப் பளபளப்பு விழாமல் எடுக்கலாம். பெயர் தெரிந்ததும் இங்கே எழுதுங்கள்.